இறால் விழுது தின்ற தேதி

மயூமியின் அப்பாவுடைய பழைய பாஸ்போர்ட்டை அம்மா இரண்டு விரலால்தான் தூக்குவார். அவ்வளவு நாற்றம்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் பிலிப்பைன்ஸ் போய்விட்டு கனடாவின் வின்னிபெக் விமான நிலையத்தில் இறங்கிய அப்பா, "இனி இது எதுக்கு?" என்று பாஸ்போர்ட்டை அட்டைப் பெட்டிக்குள் செருகினார். பெட்டியில் ஊரிலிருந்து கொண்டுவந்த இறால் விழுது பாட்டில் இருந்தது. வீடு வருவதற்குள் மூடி கழன்றுவிட்டது.

இன்றைக்குச் சமையலறை மேசை முழுக்கக் காகிதங்கள். அப்பாவின் நிரந்தர வசிப்பாளர் அட்டை ஏப்ரல் மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால், ஐந்து வருடங்களில் நாட்டை விட்டு எப்போது போனார், எப்போது வந்தார் என்று எல்லாத் தேதியையும் எழுத வேண்டும்.

"இந்தப் பக்கத்துல தேதி எங்க, ரோடெல்?" என்றார் அம்மா, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"அதை இறால் தின்னுடுச்சு."

"சிரிக்காத. தப்பா எழுதினா திருப்பி அனுப்பிடுவாங்க. மறுபடி முதல்ல இருந்து காத்திருக்கணும். அப்புறம் லோர்னா கல்யாணத்துக்கு யார் போறது?"

அப்பாவின் சிரிப்பு அடங்கியது. லோர்னா அத்தை அவருடைய ஒரே தங்கை. ஏப்ரல் மாதக் கடைசியில் கல்யாணம். அவர்களுக்கு அப்பா இல்லை. அண்ணன்தான் கைபிடித்துத் தேவாலயத்துக்குள் அழைத்துப் போக வேண்டும். புது அட்டை இல்லாமல் போனால், திரும்பி வருவது பெரும்பாடு.

"இதோ பழைய டிக்கெட்!" என்றார் அப்பா. "வந்தது டிசம்பர் இருபத்தொம்பது. சரிதான். புது வருஷத்துக்கு நான் இங்க இருந்தேனே! மயூ புள்ளி புள்ளி கவுன் போட்டுக்கிட்டு குதிச்சது கண்ணுக்குள்ளயே நிக்குது."

அம்மா எழுதினார். அப்பா கையெழுத்துப் போட்டார். மணி நாலு. அஞ்சு மணிக்கு அஞ்சலகம் மூடிவிடும்.

மயூமி சமையலறைக் கதவின் நிலையை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கப் போகிறார் அம்மா. நிலை முழுக்கப் பென்சில் கோடுகள்.

புது வருடம் பிறக்கும் நொடியில் குதித்தால் உயரமாக வளரலாம் என்பது அப்பா ஊர் நம்பிக்கை. அதனால் மயூமி வருடா வருடம் மூச்சு வாங்கும்வரை குதிப்பாள். குதித்து முடித்ததும் அப்பா அவளை நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் கோடு போட்டுத் தேதி எழுதுவார். மேல் கோட்டிலிருந்து கீழே படித்துக்கொண்டே துடைத்தாள். ஜனவரி 1. ஜனவரி 1. ஜனவரி 6.

துணி நின்றது.

"அம்மா, கவரை ஒட்டாதேம்மா!"

"ஏன்டி கத்தற?"

"அப்பா அந்தப் புது வருஷத்துக்கு இங்க இல்ல! போன்ல இருந்தாரு. சர்க்கரை டப்பா மேல சாய்ச்சு வெச்சிருந்தோம்."

"என்னையா? டப்பா மேலயா?" என்றார் அப்பா.

"உன்னத்தான்ப்பா! நீ வந்துதான் கோடு போடணும்னு நான் அடம்பிடிச்சேன். அதுக்குள்ள வளந்துடக் கூடாதுன்னு ஆறு நாளும் குனிஞ்சே நடந்தேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "ஆமா! முதுகு வலியோன்னு நான் டாக்டருக்கே போன் பண்ணினேன்!"

அப்பா எழுந்து வந்து கோட்டைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய கையெழுத்தேதான்.

"புயல்," என்றார் மெதுவாக. "தம்பி வீட்டுக் கூரை பறந்துடுச்சு. பிளேன் எல்லாம் ரத்து. எப்படி மறந்தேன்?" போனை எடுத்துப் பழைய மின்னஞ்சல்களில் தேடினார். ஜனவரி ஆறாம் தேதிக்கு மாற்றிக் கொடுத்த டிக்கெட் அங்கே இருந்தது.

"எட்டு நாள்தானே..." என்று இழுத்தார்.

அம்மா ஒரு பார்வை பார்த்தார்.

"சரி சரி, புதுத் தாள் குடு."

அம்மா நாட்களைக் கூட்டினார். மயூமி காலண்டரை வைத்து மறுபடி எண்ணினாள். அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு, நல்ல பிள்ளையாகப் புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். மயூமி பழைய தாளை நாலாகக் கிழித்துப் போட்டாள். மூன்று பேரும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, பனியில் சறுக்கியபடியே ஓடினார்கள். அஞ்சலகத்துக் கதவைத் தள்ளும்போது மணி அஞ்சாக ஏழு நிமிடம்.

ஏப்ரல் தொடக்கத்தில் புது அட்டை வந்தது. படத்தில் அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு, பல் வலிக்காரர் மாதிரி இருந்தார். மயூமி நாள் பூராவும் அதைக் காட்டிக் கேலி செய்தாள். லோர்னா அத்தையின் கல்யாணப் படங்களில் மட்டும் அவருக்குக் காது வரைக்கும் சிரிப்பு.

மே மாதத்தில் ஒரு மத்தியானம், தோளில் அட்டைப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார் அப்பா. பாஸ்போர்ட் சட்டைப் பையில் இருந்தது. இறால் விழுது பெட்டியில் இருந்தது.

சமையலறை முழுக்க மஞ்சள். கதவு நிலை மட்டும் பழைய வெள்ளை.

"முதல்ல தேதியப் போடு. செருப்பை அப்புறம் கழட்டலாம்," என்று பென்சிலை நீட்டினார் அம்மா.

மயூமி ஓடிப்போய் நிலையில் சாய்ந்தாள். இந்தத் தடவை அவள் குனியவே இல்லை.