வெள்ளைப் படலத்தின் எல்லை

படகுத்துறை ஏணியின் அடியில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. தோர்குன் நீர்க்கேமராவின் திரையைச் சட்டைக் கையால் துடைத்துப் பார்த்தாள். துடைக்கத் துடைக்க அது பளிச்சென்றுதான் தெரிந்தது.

அது அங்கே இருக்கக்கூடாது. பெர்கன் நகருக்கு வடக்கே இருக்கும் இந்தக் குடாவுக்கு வாய் குறுகல், வயிறு ஆழம். அடித்தண்ணீர் வெளிக்கடலோடு கலக்காமல் வருஷக்கணக்காய் ஊறிக் கிடக்கும். பிராணவாயு செத்த அந்த நடுக்குழிச் சேற்றின்மேல்தான் நுண்ணுயிர்கள் வெள்ளைப் பஞ்சாய்ப் படரும். அவற்றின் எல்லையை வரைபடத்தில் குறிப்பது அவள் வேலை. குழியை விட்டு அவை ஏறி அவள் பார்த்ததே இல்லை.

தம்பி ஐவின் தண்ணீருக்குள் இருந்தான். சிப்பி வளர்க்கும் கயிறு ஒன்று அடியில் சிக்கியிருந்தது. டிசம்பரில் மதியம் மூன்றரைக்கே இருட்டிவிடும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். அவன் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டே, "உன் பஞ்சுப் பிள்ளைங்கள நீ விசாரிச்சேன்னு சொல்லிட்டு வரேன்க்கா" என்று இறங்கிவிட்டான். பேச்சில் அவனை ஜெயிக்க ஆள் கிடையாது.

அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை அவள் மணிக்கட்டில் முடிச்சிட்டிருந்தாள். மேலிருந்து ஒருமுறை இழுத்தால், 'நல்லா இருக்கியா?' கீழிருந்து ஒருமுறை வந்தால், 'இருக்கேன்.' நான்கு முறை இழுத்தால், 'வா.'

இழுத்தாள். பதில் வந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பியது.

அப்போதுதான் நாற்றம் எழுந்தது. பலகை இடுக்கு வழியே கசிந்து, கம்பளிச் சட்டையில் ஏறி, நாக்கின் அடிவரை இறங்குகிற அழுகிய முட்டை நாற்றம். அடிச்சேற்றின் விஷவாயு. கீழ்த்தண்ணீர் மேலே வருகிறது. நான்கு முறை இழுத்தாள்.

ஒரே ஒரு இழுப்பு பதிலாக வந்தது. இருக்கேன்.

பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். கயிறு அசையவில்லை. கேமராவைக் கயிற்றை ஒட்டியே கீழே இறக்கினாள்.

ஐவின் மல்லாந்து கிடந்தான். குமிழிகள் இல்லை. நெஞ்சுவரை வெள்ளை, போர்த்திவிட்டதுபோல. கண்ணாடிக்குள் கண்கள் திறந்திருந்தன. இரண்டு கைகளும் விரிந்து வெறுமையாகக் கிடந்தன.

கயிறு அவன் இடுப்பில் இல்லை.

அவனைத் தாண்டிப் போயிருந்தது. சேற்றுக்குள்.

அவள் அழுதாளா, கத்தினாளா, அவளுக்கே தெரியவில்லை. நாற்றம் மட்டும் நின்றுபோயிருந்தது. சுத்தமாக. அந்த வாயு முதலில் மூக்கைத்தான் கொல்லும். ஓட வேண்டும். முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. விரல்கள் மரத்திருந்தன.

கயிறு ஒருமுறை இழுபட்டது.

கீழேயிருந்து.

இப்போது அவள் எதையும் கேட்டிருக்கவில்லை. இது பதில் இல்லை.

பழக்கதோஷம். அவள் கை தானாக ஒருமுறை இழுத்தது. இருக்கேன்.

சற்று நேரம் ஒன்றுமில்லை. ஏணியின் முதல் படியில் வெள்ளை ஏறியிருந்தது.

பிறகு, நிதானமாக, ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.