ராகேல் வரைந்த கடற்காகம்

ராகேல் வரைந்த கடற்காகத்தைப் பார்க்கப் பார்க்கப் பொன்செல்விக்கு வயிறு எரிந்தது.

போன வருடம்வரை வகுப்பில் ஓவியம் என்றால் பொன்செல்விதான். ராகேல் வந்து சேர்ந்தாள், எல்லாம் போயிற்று! நாளை பள்ளிக் கண்காட்சியின் வாசலில் மாட்டப்போவதும் அவள் படம்தான். சிவந்த அலகு, சிவந்த கால், வெள்ளைத் தலை. இவ்வளவு அழகாக வரையாவிட்டால் இவளுக்கு என்ன குறைந்துவிடும்?

திவ்யலட்சுமி டீச்சர் புத்தகத்தைப் பார்த்து, படத்தின் கீழே பெயர் எழுதினார்: பழுப்புத் தலைக் கடற்காகம்.

பொன்செல்வி துள்ளி எழுந்தாள். "டீச்சர்! பேரு பழுப்புத் தலை. இவ வரைஞ்சது வெள்ளைத் தலையாக்கும்!"

வகுப்பே சிரித்தது.

"நான் கண்டது இப்படித்தான் டீச்சர்." ராகேல் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

புத்தகத்திலும் தலை பழுப்பாகத்தான் இருந்தது. "சாரமில்ல மோளே, பரவாயில்ல, நாளைக்குக் காலையில தலைக்கு மட்டும் பழுப்பு அடிச்சிரு" என்றார் டீச்சர்.

பொன்செல்விக்குப் பாயசம் குடித்ததுபோல் இருந்தது.

சாயங்காலம் விழிஞ்ஞம் துறைமுகத்தில் அப்பாவின் டீக்கடைக்குப் போனாள். பழம்பொரி என்ற வாழைப்பழ பஜ்ஜியின் உதிர்ந்த துண்டுகளை வீசினாள். கடற்காகங்கள் கத்திக்கொண்டு இறங்கின. தினமும் வருகிறவைதான். இன்றுதான் அவற்றின் தலையைப் பார்த்தாள்.

பெரும்பாலும் வெள்ளை! காதோரம் மட்டும் மை தொட்டு வைத்ததுபோல் ஒரு பொட்டு. ராகேல் அதைக்கூட விடாமல் வரைந்திருந்தாள்.

"அப்பா, பழுப்புத் தலைக் கடற்காகம் வேறயா?"

"எனக்கு எல்லாம் கடல்காக்காதான்ட்டி. பழம்பொரி திங்கும், அவ்வளவுதான் தெரியும்." அப்பா ரேடியோவைத் திருகினார்.

அப்போது இன்னொன்று தத்தி வந்தது. அதன் தலை பாதி வெள்ளை, பாதி பழுப்பு. அதற்குப் பின்னால் வந்ததன் தலை முழுப் பழுப்பு. மூன்றுக்கும் ஒரே அலகு, ஒரே கால். கோடை வந்ததும் வெள்ளைத் தலை பழுப்பாக மாறிக்கொண்டிருக்கிறது!

அப்படியென்றால் ராகேல் வரைந்தது சரி. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்? பொன்செல்வி அப்படித்தான் நினைத்தாள். ஆனால் கையிலிருந்த பழம்பொரியைத் தின்னாமல் கடற்காகங்களுக்கே வீசிவிட்டாள்.

மறுநாள் ராகேல் கண் கலங்க, தூரிகையைப் பழுப்பில் தோய்த்தாள். அது வெள்ளைத் தலையை நெருங்கியது.

"நிறுத்துட்டி!" பொன்செல்வி பாய்ந்து கையைப் பிடித்தாள். வண்ணம் பொன்செல்வியின் மூக்கிலேயே தெறித்தது. "நீ வரைஞ்சதுதான் சரி. வெள்ளைத் தலைதான் பழுப்பா மாறுது. எங்க கடையில நிக்குது, வந்து பாரு. தப்பு என் மேலயாக்கும். டீச்சர்கிட்டயும் நானே சொல்றேன்."

ராகேல் மூக்கை உறிஞ்சினாள். "அப்போ பக்கத்துல பழுப்புத் தலையை நீ வரையேன். நீதானே கண்டே?"

வாசலில் ஒரே பெயருக்கு மேல் இரண்டு பறவைகள் நின்றன. ராகேலின் பறவைதான் இன்னும் அழகு. பொன்செல்விக்கு அது தெரிந்தது, வயிறும் கொஞ்சம் எரிந்தது. ஆனாலும் வந்தவர்களிடம் எல்லாம், "இந்த வெள்ளைத் தலை ராகேல் வரைஞ்சது!" என்று மூக்கில் பழுப்போடு முந்திக்கொண்டு சொன்னவள் அவள்தான்.