மேனேஜர் சாகக் கூடாது!

மேனேஜர் சமையலறைத் தரையில் விழுந்து கிடந்தார்.

வாயோரம் நுரை. கண்கள் மேலே செருகியிருந்தன.

நான்கு கால்களும் விறைத்து, வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன!

"ஐயோ... மேனேஜர்!"

அவள் போட்ட அலறலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்துகொண்டன.

மேனேஜர் என்பது அவள் நாயின் பெயர். அவள் தையல்காரி. நாய் ஒரு வேலையும் செய்யாது. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, அவள் தைப்பதை நாளெல்லாம் மேற்பார்வை பார்க்கும். துணி கொடுக்க வரும் பெண்கள் வைத்த பெயர் அது.

ஹாலில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த கணவன் தலையைக்கூடத் திருப்பவில்லை. டயர் கடை வைத்திருப்பவன்.

"என்னடி கத்தல்?"

"நாய் துடிக்குதுங்க! காரை எடுங்க... ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்!"

"எதுக்கு? சீட்டெல்லாம் நுரையாக்கவா? செத்துத் தொலையட்டும் விடு."

அவள் அதற்கு மேல் கெஞ்சவில்லை.

தைக்க வந்த திரைச்சீலை ஒன்றை உருவினாள். நாயைச் சுருட்டினாள். தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடி, அந்த வழியாக வந்த டாக்ஸியின் குறுக்கே விழாத குறையாக நின்றாள்.

கால்நடை மருத்துவமனை.

டாக்டரம்மா நாயின் கண்ணில் டார்ச் அடித்தாள். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். முகம் இறுகியது.

"என்ன சாப்பிட்டுது?"

"தெ... தெரியலை டாக்டர்."

"இது விஷம்மா. என்ன விஷம்னு தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாத்து மருந்து போடலாம். குத்துமதிப்பா ஏதாவது போட்டா, மருந்தே கொன்னுடும்."

"ரத்தத்தை டெஸ்ட் பண்ணிப் பாருங்க டாக்டர்!"

"வெளியூர் லேபுக்கு அனுப்பணும். ரிசல்ட் நாளைக்குத்தான் வரும். இதுக்கு நாளைக்குன்னு ஒண்ணு இருக்கான்னே தெரியலை!"

அவளுடைய உதடுகள் திறந்தன...

எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டன.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். ஐ.சி.யூ., வெண்டிலேட்டர்... செலவு எக்கச்சக்கமா ஆகும். முன்பணம் கட்டாம நிர்வாகம் உள்ளே சேர்க்காது."

"இன்சூரன்ஸ் இருக்கு டாக்டர்! குட்டியா இருக்கும்போதே எடுத்துட்டேன். நான் பட்டினி கிடந்த மாசம்கூட ப்ரீமியம் கட்டாம இருந்ததில்லை!"

டாக்டரம்மா கம்பெனிக்கு போன் போட்டாள். பேசினாள். கோபமாகப் பேசினாள். பிறகு கோபம் போய் களைப்பாகப் பேசினாள். வைத்தாள்.

"வயித்துப்போக்கு, எலும்பு முறிவுன்னா உடனே தருவாங்களாம். விஷம்னா விசாரிச்சுட்டுத்தானாம். ஆள் அனுப்பறாங்க."

"விசாரிச்சு முடிக்கறதுக்குள்ள அது..."

"வலிப்பை அடக்க என்னால ஆனதைச் செய்யறேன். நிர்வாகத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க வெளியே உக்காருங்க."

ஐ.சி.யூ. கதவு மூடிக்கொண்டது.

மத்தியானம் வந்தார் கம்பெனி ஆள்.

கட்டை மீசை. கசங்கிய சட்டை. ஒரு வார்த்தை பேசுவதற்குள் எதிரிலிருப்பவரை நாலு தடவை எடைபோட்டு முடித்துவிடும் கண்கள்.

"போலீஸ்ல இருந்து ரிடையர் ஆனவன்மா. முப்பது வருஷம் மனுஷங்க செத்ததை விசாரிச்சேன். இப்ப நாய், பூனை. பொய் சொல்லாத ஜாதி... புரமோஷன்னு சொல்லிக்கறேன்!"

அவள் சிரிக்கவில்லை.

"உங்க நாய்க்கு விரோதி யாராவது?"

"இல்லை சார்."

"உங்களுக்கு?"

அவள் தலை குனிந்தாள். இழுத்துவிட்டிருந்த சட்டைக் கை லேசாக மேலேறியது. முழங்கைக்குக் கீழே, முக்கோண வடிவில், இன்னும் ஆறாத தீப்புண்!

"கையில என்னம்மா?"

"இஸ்திரிப் பெட்டி... தெரியாம பட்டுடுச்சு."

"பட்டுதா... வச்சாங்களா?"

அவள் சட்டைக் கையை அவசரமாகக் கீழே இழுத்துவிட்டாள்.

ரிடையர்டு தன் மொபைலை எடுத்தார். "உங்க வீட்டுக்காரர் நம்பரைச் சொல்லுங்க."

டயர் கடைக்காரன் நொண்டிக்கொண்டே வந்தான். இடது காலில் கட்டு.

"இன்னும் சாகலையா அது? டாக்டரைக் கூப்பிடுங்க, ஒரு ஊசியைப் போட்டு முடிச்சிடலாம். ஆமா சார்... செத்தா உங்க கம்பெனி பணம் தருமாமே. எவ்வளவு தருவீங்க?"

ரிடையர்டின் மீசை துடித்தது.

"சொல்றேன். கால்ல என்ன கட்டு?"

"அந்தச் சனியன் கடிச்சுது. போன வாரம்."

"சும்மாவா கடிச்சுது?"

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும் சார். நாய்க்கு அங்கே என்ன வேலை?"

"அதனால விஷம் வச்சீங்க!"

"நானா?" அவன் வாய்விட்டுச் சிரித்தான். "எனக்கெதுக்கு சார் விஷம்? இந்த ஞாயித்துக்கிழமை ஊருக்கு வெளியே இழுத்துட்டுப் போய், இரும்பு ராடால ஒரே போடு. முடிவு பண்ணி வச்சிருந்தேன். இவகிட்டயே சொல்லிட்டேன். அதுக்குள்ள எவனோ முந்திக்கிட்டான்!"

கல்நெஞ்சக்காரன். ஆனால் பொய் சொல்கிறவனின் கண் இல்லை. ரிடையர்டு குழம்பினார்.

"காலையில நாய் என்ன தின்னுது? யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? என் தட்டைத்தான். ஆம்லெட் தின்னுட்டிருக்கும்போது கடையிலேர்ந்து போன். எழுந்து போனேன். திரும்பி வந்தா தட்டைக் கழுவி வச்ச மாதிரி நக்கி வச்சிருக்கு, திருட்டு நாய்!"



ரிடையர்டு மெல்ல... மிக மெல்லத் திரும்பினார்.

"ஆம்லெட் போட்டது யாரும்மா?"



படாரென்று ஐ.சி.யூ. கதவு திறந்தது!

"இன்னொரு வலிப்பு வந்தா இதயம் நின்னுடும்!" டாக்டரம்மா மூச்சு வாங்கினாள். "யாருக்காவது ஏதாவது தெரிஞ்சா இப்பவே சொல்லுங்க! இந்த நிமிஷம்!"

திறந்த கதவு வழியே தையல்காரி உள்ளே பார்த்தாள். குழாய்களுக்கு நடுவே மேனேஜர். பாதி மூடிய கண்கள் அவளைத்தான் தேடின. வால் ஒரே ஒரு தடவை அசைந்தது.

சொன்னால் ஜெயில்.

சொல்லாவிட்டால்...

"செடிக்கு அடிக்கிற மருந்து, டாக்டர்!" என்று வெடித்தாள். பெயரையும் சொன்னாள். "நான்தான் கலந்தேன்... நான்தான்!"

டாக்டரம்மா உள்ளே பாய்ந்தாள்.

டயர் கடைக்காரனுக்கு விஷயம் உறைக்க ஒரு கணம் பிடித்தது.

"அடிப்பாவி! எனக்கா வச்சே?"

ஓங்கிய கையை ரிடையர்டு பாதியிலேயே பிடித்தார். முப்பது வருஷத்துப் பிடி. அவன் முனகினான்.

"ஏம்மா இப்படிப் பண்ணினே?"

"கையைச் சுட்டாரு. பொறுத்துக்கிட்டேன் சார். அது குறுக்கே பாய்ஞ்சு கடிச்சுது. என் அப்பா, அண்ணன், மாமியார்... எல்லாருக்கும் எல்லாம் தெரியும். எனக்காகப் பல்லைக் காட்டினது அது ஒண்ணுதான். அதைப்போய் அடிச்சுக் கொல்றேன்னாரு..."

ஐ.சி.யூ. கதவைப் பார்த்தாள்.

"காப்பாத்தறதுக்காகத்தான் வச்சேன். கடைசியில அதுவே தின்னுடுச்சு!"

ரிடையர்டு பெருமூச்சு விட்டார். "தட்டையே நாய் நக்கிடுச்சு. நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா, நான் தலைகீழா நின்னாலும் நிரூபிச்சிருக்க முடியாது."

"தெரியும் சார்."

"பாலிசி எடுத்தவங்களே வச்ச விஷத்துக்குக் கம்பெனி காசு தராது. அதுவும் தெரியுமா?"

"மெஷினை வித்துக் கட்டிடறேன். அது பொழைச்சாப் போதும்."

கதவு திறந்தது. இந்த முறை மெதுவாக.

டாக்டரம்மா கையுறைகளைக் கழற்றிக்கொண்டே வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"போயிடுச்சும்மா."

"பேர் சொன்னேனே டாக்டர்..."

"காலையில வந்ததும் சொல்லியிருந்தீங்கன்னா, இந்நேரம் எழுந்து உக்காந்திருக்கும்."

அவள் அழவில்லை. அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். அந்தச் சில மணி நேரம் தன்னைக் காப்பாற்றிக்கொண்டதற்கு இதுதான் விலை என்று யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரைச்சீலையை மடியில் போட்டு, அதில் ஒட்டியிருந்த பழுப்பு ரோமங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.

டயர் கடைக்காரன் கடகடவென்று சிரித்தான்.

"பார்த்தியாடி? நாயும் போச்சு, நீயும் உள்ளே போகப்போறே! எனக்கு ஆயுசு கெட்டி. உப்பை அள்ளிப் போட்டிருந்தே... வாயில வைக்க முடியலை. அதனாலதான் பாதி தின்னதும் தட்டை வச்சுட்டுப் போனேன். முழுசையும் தின்னிருந்தா என் கதி..."

நின்றான்.

"பாதி தின்னீங்களா?" என்றார் ரிடையர்டு.

சிரிப்பு அவன் முகத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது. கை தானாக வயிற்றைப் பிடித்தது.

"அப்பலேர்ந்தே... உள்ளே என்னவோ பிசையற மாதிரி... டா... டாக்டர்!"

பக்கத்து நாற்காலியைப் பிடித்தான்; அதோடு சரிந்தான். கடைவாயில் எச்சில் ஒழுகியது. தரையில் புரண்டான்.

"ஊசி! அந்த மாத்து மருந்து ஊசியை எனக்குப் போடுங்க!"

தையல்காரி நிமிர்ந்தாள். ரோமங்களை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். குரலில் ஒன்றுமே மிச்சமில்லை.

"போட்டுடுங்க டாக்டர். ஒரு நாளைக்கு ஒரு சாவு போதும்."

"என்னால முடியாதும்மா!" டாக்டரம்மா பதறினாள். "சட்டம் ஒத்துக்காது! சார், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க... இங்கே மிருகங்களுக்கு மட்டும்தான் வைத்தியம்!"

காதில் மொபைலை வைத்துக்கொண்டே, காலடியில் புரண்டவனை ஒரு பார்வை பார்த்தார் ரிடையர்டு.

"அப்ப தயங்காம போடுங்க டாக்டர்... ஆள் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கார்!"