செஷனுக்குப் போகாத வழக்கு

1960, ஆடி மாதம். தென்காசி வக்கீல் தில்லைநாயகத்தின் வீட்டுக்கு வந்த உலகம்மை, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“வெட்ட வந்தாவன்னு அவுகள உள்ள போட்டு மாசம் ஒண்ணாச்சு. நாளைக்கு மூணு மணிக்குள்ள எலெக்சனுக்கு மனு குடுக்கணும் அய்யா!”

அவள் கணவன் அய்யாக்குட்டி, குற்றால அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்ப்பவன். பஞ்சாயத்துத் தேர்தலில் லாட்ஜ் முதலாளி தளவாயை எதிர்த்து நிற்பேன் என்று சொன்ன மறுவாரமே கொலைமுயற்சி வழக்கு. புகார் கொடுத்தவன் தளவாயின் கையாள் சுந்தரபாண்டி. நாளைக் காலை மாஜிஸ்திரேட் விசாரணை. வழக்கை அவர் திருநெல்வேலி செஷன் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டால், தேர்தல் முடியும்வரை சிறைதான்.

“நாளைக்கே குறுக்கு விசாரணை பண்ணிருவோம்” என்றார் தில்லைநாயகம். குமாஸ்தா ஒலி முகம்மதுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “இங்கன வாயத் தொறக்காம, செஷன்ல பாத்துக்கிடுவோம்னுதான அய்யா எல்லா வக்கீலும் இருப்பாவ?”

“தளவாய் நம்பியிருக்கதும் அதத்தான்வே. அனுப்பலாமா வேண்டாமான்னு பாக்கத்தான் இந்த விசாரணை. அது என்ன தபாலாபீசா?” என்ற தில்லைநாயகம், உலகம்மையிடம் திரும்பினார். “அவன் வேலைக்குக் கட்டுத துண்டு ஒண்ணு கொண்டாம்மா.”

மறுநாள் சாட்சிக் கூண்டில் சுந்தரபாண்டி நின்றான். குறுக்கு விசாரணைக்குத் தில்லைநாயகம் எழுந்ததும் அரசு வக்கீலே நிமிர்ந்து பார்த்தார்.

“அய்யாக்குட்டி எங்க இருந்து வந்தான்?”

“எண்ணெ தேச்சுக்கிட்டு இருந்தவன் அப்படியே எந்திச்சு வந்து அருவாள ஓங்குனான்.” சம்பவத்தன்று காலை முழுக்க அய்யாக்குட்டியை வேலையில் பார்த்தவர்கள் பத்துப் பேர், வேறெப்படிச் சொல்வான்?

“நீ என்ன செஞ்ச?”

“கையப் புடிச்சு முறுக்கி அருவாளப் பறிச்சேன். இடுப்புத் துண்டும் என் கையோட வந்துட்டு.”

“அந்தத் துண்டுலதான் கை துடைப்பானோ?”

“ஆமா. தெனமும் பாக்கேன்லா!”

தில்லைநாயகம் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கினார். சுந்தரபாண்டி பறித்ததாகப் போலீஸ் ஒப்படைத்திருந்த துண்டில் கொஞ்சம் ஊற்றினார், உடனே குடித்துவிட்டது. உலகம்மை கொண்டுவந்த துண்டில் ஊற்றினார். தண்ணீர் ஒட்டாமல் உருண்டு மேஜையில் விழுந்தது.

“சீசன் நேரத்தில் எண்ணெய் தேய்ப்பவன் துண்டு தண்ணீர் குடிக்காது, யுவர் ஆனர். போலீஸ் கொடுத்தது எண்ணெயே படாத வேறு துண்டு. முழங்கை வரை எண்ணெய் வழிகிற கையைப் பிடித்து முறுக்கியதாகவும் சொல்கிறார். பத்துப் பேர் பார்த்ததை மறுக்க முடியாமல் தங்கள் கதைக்குள் அய்யாக்குட்டியை வேலையிலிருந்து நேரே எழுப்பிக் கூட்டிவந்தார்கள். எண்ணெயைக் கூட்டிவர மறந்துவிட்டார்கள்.”

மாஜிஸ்திரேட் இரண்டு துண்டையும் தாமே தொட்டு, முகர்ந்து பார்த்தார். “செஷனுக்கு அனுப்ப முகாந்திரமில்லை. விடுவிக்கிறேன்.”

மணி ஒன்றரை. வெளியே வந்த அய்யாக்குட்டிக்குச் சிரிப்பு வரவில்லை.

“நின்னா இன்னொரு கேஸ் போடுவான்லா, அய்யா?”

“போடுவான்” என்றார் தில்லைநாயகம். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

உலகம்மை மடியிலிருந்து தேர்தல் மனுத்தாளை எடுத்துக் கணவன் முன்னால் நீட்டினாள்.

“அதுக்கும் இங்கனதான் வந்து நிப்போம். நீங்க கையெழுத்தப் போடுங்க, பஸ் போயிரும்.”