தொண்ணூற்றெட்டுப் புள்ளி நாலு

போன் அடித்தது.

அடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள் டிக் அக்கா.

சுகாதார அலுவலகத்தில் போன் அடிப்பதும் வெளியே காக்கை கத்துவதும் அவளுக்கு ஒன்றுதான். காய்ச்சல் ஊருக்குள் நுழைந்து நாற்பது நாள். ஸ்டிக்கர் ஒட்டி அடைத்த வீடுகளில் இருநூற்றுப் பன்னிரண்டு அவள் தலையில். தினமும் காலை பத்து மணியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட வேண்டும். காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டு எழுத வேண்டும். பக்கத்தில் ஒரு டிக். அப்படி வந்த பெயர்தான் அது.

முதல் மூன்று வாரம் ஒழுங்காகத்தான் கேட்டாள்.

ஒரு நாள் ஒரு கிழவர், "லைன்லயே இரும்மா, தெர்மாமீட்டர் எடுத்துட்டு வந்துடறேன்" என்று போனார்.

வரவில்லை.

பக்கத்து மேஜை போனில் ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டு, ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தாள். அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. முக்கால் மணி நேரம் கழித்துக் கதவை உடைப்பது கேட்டது. அதற்குப் பிறகு அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வரவில்லை. பசிகூட மணி பார்த்துத்தான் வந்தது.

மறுநாளிலிருந்து அவள் போனைத் தொடவில்லை... பேனாவை மட்டும் தொட்டாள்.

98.4. 98.2. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் யாராவது மோப்பம் பிடிப்பார்களே என்று, குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி அங்கங்கே ஒரு 99.

பத்தொன்பது நாளாக அவள் வீடுகளில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. மேலதிகாரி பாராட்டுக் கடிதம் கொடுத்திருந்தார்.

"போன் எடுக்க மாட்டீங்களா மேடம்?"

வாசலில் போலீஸ் இன்ஸ்பெக்டர். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் குழி விழுந்திருந்தன. கையில் செல்போன்.

"நான்தான் அடிச்சேன். எடுக்கறீங்களான்னு பார்த்தேன்."

"வேலையா இருந்தேன் சார்."

"கடிகாரக் கடைக்காரர் வீடு உங்க லிஸ்ட்தானே? இன்னிக்குக் காலைல அவர் சம்சாரம் செத்துட்டாங்க. காய்ச்சலாம்."

"பாவம்" என்றாள். அதையும் டிக் போடுகிற மாதிரிதான் சொன்னாள்.

"அந்தம்மாவோட தம்பி வேற மாதிரி சொல்றார். அக்கா பத்து நாளா போனே எடுக்கலையாம். புருஷன் எப்பவோ கதையை முடிச்சுட்டான்ங்கறார்."

"பொணத்தைப் போட்ட பையைத் திறந்து பார்த்துடுங்களேன்."

"உங்க ஆபீஸ் போட்ட விதிதான் மேடம். வீட்டுக்காரங்களே பையை மூடணும், வேன்காரங்க அது மேல ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டித் தூக்கிட்டுப் போகணும், நடுவுல யாரும் திறக்கக் கூடாது. பன்னெண்டு மணிக்கு எரிச்சுடுவாங்க. நிறுத்தணும்னா எழுத்துல காரணம் வேணும்."

சுவரில் பதினொன்று இருபது.

"கடைக்காரர் என்ன சொல்றார்?"

"நேத்து வரைக்கும் அவ தினம் சுகாதார ஆபீஸ் மேடம்கிட்ட பேசினா, பதிவேட்டைப் பாருங்கங்கறார். கூட்டிட்டு வந்திருக்கேன். ஜன்னலுக்கு வெளியே நிக்கறார்."

டிக் அக்கா பதிவேட்டை நீட்டினாள். கடைக்காரர் வீடு... பதினாலு நாள், பதினாலு டிக். மனைவி: பேசினார், நலம். எல்லாம் அவள் கையெழுத்து.

இன்ஸ்பெக்டர் பதிவேட்டோடு மூலை மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். எச்சில் தொடாமல் பக்கம் பக்கமாகத் திருப்பினார். ஒரு பக்கத்தில் கை நின்றது. தொண்டைக்குள் ஏதோ ஒரு சத்தம். இருமலா, சிரிப்பா, தெரியவில்லை.

ஜன்னல் கம்பியருகே கடிகாரக் கடைக்காரன் வந்தான். மடிப்புக் கலையாத சட்டை.

"நன்றி மேடம்" என்றான் மெதுவாக. "பதினாலு நாளும் தவறாம கூப்பிட்டீங்க. சரியா பத்து மணிக்கு."

அவள் அவனைப் பார்த்தாள்.

கூப்பிடவே இல்லை என்பது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி இங்கே உட்கார்ந்திருக்கிறாள். இன்னொருவன் நன்றி சொல்கிறான்.

"நேத்து என்ன பேசினாங்க உங்க சம்சாரம்?" என்று கேட்டாள்.

"அது உங்களுக்குத்தானே தெரியும்? எழுதியிருக்கீங்களே." அவன் கண் சிமிட்டவில்லை. "முதல் மூணு நாள் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தா மேடம். உங்ககிட்ட என்னமோ சொல்லணும்னு. நாலாம் நாள்லேர்ந்து உக்காரல."

எங்கோ ஒரு சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது அவளுக்கு. அலுவலகக் கடிகாரம் மின்சாரத்தில் ஓடுவது. அதற்குச் சத்தமே கிடையாது.

"எனக்குப் புரியுது மேடம்" என்றான் அவன். "கூப்பிடாதவங்க யாரும் கூப்பிடலைன்னு சொல்ல மாட்டாங்க. வேலை போயிடும்ல?"

போகும். அவள் சம்பளத்தை நம்பி வீட்டில் மூன்று வாய்.

பதினொன்று நாற்பது.

அவள் எழுந்து மூலை மேஜைக்குப் போனாள்.

"சார், ஒரு பேப்பர் குடுங்க."

"எதுக்கு?"

"அந்த வீட்டுக்கு நான் ஒரு நாள்கூடப் போன் பண்ணல. அதுல இருக்கறது பூரா என் கற்பனை. அந்தம்மா குரல் எனக்குத் தெரியாது."

"எழுதிக் கொடுத்தா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும். பேப்பர் குடுங்க சார், மணி ஆகுது."

எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். பழக்க தோஷம், பக்கத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அதை அடித்தாள்.

இன்ஸ்பெக்டர் அங்கேயே செல்போனை எடுத்தார். "பையைத் திறங்க... பொறுப்பு என்னுது."

பதினைந்து நிமிடத்தில் பதில் வந்தது. கழுத்தில் கயிற்றுத் தடம். செத்துப் பத்து நாளாவது இருக்கும்.

ஜன்னலுக்கு வெளியே கான்ஸ்டபிள் விலங்கு மாட்டுகிற சத்தம். கடைக்காரன் கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"நான் எழுதலைன்னா அவன் தப்பிச்சிருப்பான் இல்ல சார்?" என்றாள்.

"தப்பிச்சிருப்பான். ஆனா நீங்க கூப்பிடலைன்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

"எப்படி?"

"எனக்குத் தெரிஞ்சு பிரயோஜனமில்ல. அவன் வீட்டுக்குக் கூப்பிடலைன்னு நீங்கதான் சொல்லணும். சொல்றீங்களான்னு பார்த்தேன்."

பதிவேட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். அறுபத்தோராம் வீடு.

"இது என் வீடு. நேத்துதான் ஸ்டிக்கரைக் கிழிச்சாங்க. பதினாலு டிக் இருக்கு, ஒரு போன் வரல."

அவள் தலை குனிந்தது. பத்தொன்பது நாளுக்குப் பிறகு முதல் தடவையாகக் கண் கரித்தது.

"ஏழாம் நாள் எனக்கு நூத்தி மூணு. பொண்டாட்டி பிள்ளைங்க சுத்தி நின்னு அழுதாங்க. நீங்க போட்டிருக்கறது தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு." இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அன்னிக்கே ஒரு போன் போட்டு இதைச் சொல்லியிருந்தா, அந்தக் கசப்பு மாத்திரையைத் துப்பிட்டுத் தூங்கியிருப்பேனே மேடம்?"