விற்கொடிச் சேலையில் ஒரு பிறை

1996 ஐப்பசி. கோவை ஒப்பணக்கார வீதியில், துப்பறிவாளர் ஜபருல்லாவின் மாடி அலுவலகத்துக்கு ஈரோட்டு விசைத்தறி முதலாளி கந்தப்பன் இரண்டு சேலைகளோடு வந்து சேர்ந்தார்.

"பாய், இது என்ற தறியில ஓட்டுனதுங்க. நம்ம கொங்கை ஆண்ட சேரருங்க கொடியில இருந்த வில்லு. இன்னைக்கு யாருக்கும் ஞாபகமில்லாத கொடி. தீபாவளிக்கு எறக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இந்தக் காப்பி உடுமலைப்பேட்டையில ஏதோ ஒரு கடையில தொங்குதுன்னு ஆளுக வாங்கியாந்தாங்க."

"யார் மேல சந்தேகம்?"

"சேலைக்கு இந்த வில்லுப் படம் வரைஞ்ச மெர்சி மேலதானுங்க. அவங்கப்பன் எங்க தோட்டத்துல கூலிக்கு இருந்தவன். தறிப்பட்டறையில எல்லார் முன்னாலயும் அவ பையைக் கொட்டச் சொன்னேன். ஒண்ணும் சிக்கல. ஆனாலும் வேலையை விட்டு நிறுத்திப்போட்டேன்."

உதவியாளர் கோமளா அதற்குள் மெர்சியின் பெயரை எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டாள். ஜபருல்லா மட்டும் அவசரப்படவில்லை. சேலைகளை அருகருகே விரித்தார்.

"காப்பியில வில்லுக்குக் கீழ ஒரு பிறை இருக்குது. உங்க சேலையில இல்லீங்களே?"

"அது அவனுக சொந்தமா சேத்ததுங்க."

"மெர்சி வரைஞ்ச படம் இருக்குதுங்களா?"

கந்தப்பன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வில்லுக்குக் கீழே பழுப்பாக ஓர் அரைவட்டம்.

"இதென்னங்க கறை?"

"காப்பி டம்ளர் வெச்சதுங்க. படம் எங்க ஊட்டுக்கு வந்த மறுநாள்."

"அப்புறம் மெர்சி இதைப் பாத்துச்சுங்களா?"

"இல்லீங்க. தறிக்குத் தனியா இதே மாதிரி இன்னொரு படம் போட்டுக் குடுத்துச்சு. இது பீரோவுலயே இருந்துது."

"காப்பியடிச்சவன் இந்தக் கறையைப் பிறைன்னு நினைச்சு நெய்திருக்கான். மெர்சி குடுத்திருந்தா அதுல கறையே இருந்திருக்காது. கறை பட்டதுக்கப்புறம் இதை யாருக்குக் காட்டுனீங்க?"

கந்தப்பனுக்கு, ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில், பெருமைக்காக, தன் மனைவியின் தம்பி தம்பிதுரையின் கையில் ஒரு ஜெராக்ஸ் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அவனுக்கு உடுமலையில்தான் ஜவுளிக்கடை.

"என்ற மச்சான்கிட்ட."

"அவரு மேல ஏனுங்க உங்களுக்குச் சந்தேகம் வரல?" என்றாள் கோமளா. கேட்டபிறகு, தான் போட்ட அடிக்கோட்டைப் பார்த்துத் தலை குனிந்தாள்.

கந்தப்பனுக்குப் பதில் தெரியும். கூலிக்காரன் மகள் எடுப்பாள், சொந்தக்காரன் எடுக்கமாட்டான். யோசிக்காமலே அப்படி நம்பியிருக்கிறார்.

மறுநாள் காலை மெர்சியைப் பட்டறைக்கு அழைத்து, தறிகளை நிறுத்தச் சொன்னார். பதினாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"படத்தை வெளிய குடுத்தது நான்தான். மெர்சி மேல பழி போட்டது என்ற தப்பு. மன்னிச்சுக்க கண்ணு." நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. "நாளையிலிருந்து வேலைக்கு வந்துரு அம்மணி."

"நீங்க சொன்னதே போதுமுங்க," என்றாள் மெர்சி. "பீளமேட்டுல வேற எடத்துல சேந்துட்டேன். அங்க யாரும் எங்கப்பா யாருன்னு கேக்கலீங்க."

அவள் போனபிறகும் தறிகள் நின்றபடியே இருந்தன.