ஏழாவது படி

மூடிய புகார் டிக்கெட் திறந்து கிடந்தது. மூடி முப்பது நாள் தாண்டிவிட்டால் வாடிக்கையாளரே நினைத்தாலும் அதைத் திறக்க முடியாது, புதிதாகத்தான் எழுத வேண்டும். இது மூடி நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. தலைப்பு அதேதான்: அப்டேட்டுக்குப் பிறகு கேம் திறக்கவில்லை. பெயர் லோகநாயகி, ஊர் கடலூர் முதுநகர். அந்தப் பெயரை மறந்துவிட்டதாகத்தான் கார்த்யாயினி தன்னையே நம்ப வைத்திருந்தாள்.

சிதம்பரம் கீழவீதியை ஒட்டிய சந்தில் அவள் வீடு. ஒரு கேம் கம்பெனிக்குத் தமிழில் வரும் புகார்களுக்கு வீட்டிலிருந்தே பதில் எழுதுவது அவள் வேலை. மதியம் மூன்று மணிதான். கார்த்திகை மழையில் கூடம் விளக்குப் போட்டும் மங்கலாக இருந்தது. கணவன் சிவராம் வேலைக்காகச் சேத்தியாத்தோப்பு போயிருந்தான், ரோட்டில் தண்ணீர் ஓடுகிறது, வரத் தாமதமாகும் என்று சொல்லியிருந்தான். பள்ளிக்கு மழை லீவு. ஐந்து வயது ஸ்வர்ணா படுக்கையறையில் கலர் பேப்பர் வெட்டிக்கொண்டே தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் சத்தமும் பாட்டும் மாறி மாறிக் கூடத்துக்கு வந்தன.

லோகநாயகியின் மகன் சித்தார்த் போன வருடம் பைக் விபத்தில் போய்விட்டான். பத்தொன்பது வயது. 'அடர்வனம்' என்ற கேமை விட்டால் அவனுக்கு வேறு உலகம் கிடையாது. அதைத் திறந்ததும், ஆடுகிறவர் பதிந்து வைத்த குரலிலேயே ஒரு வணக்கம் கேட்கும். சித்தார்த் பதிவு செய்த நேரத்தில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். "தோ வரேம்மா, ரெண்டு நிமிஷம்" என்று அவன் சொன்னது அப்படியே பதிவாகிவிட்டது. அவன் குரலில் அவளிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். ஒரு வருடமாகத் தினமும் மதியம் கேமைத் திறந்து, அதைக் கேட்டுவிட்டுத்தான் அவள் சோற்றில் கை வைத்தாள். அப்டேட் வந்தது. திரை கறுப்பாகி நின்றது. நாளைக்கு அவனுக்கு வருஷம், படையல் போடணும், அவன் குரல் கேக்கணும் என்று புகாரில் எழுதியிருந்தாள்.

கம்பெனியின் பதிலில் ஏழு படிகள் உண்டு. ஏழாவது, பதிந்த குரலும் அடங்கிய சேமிப்புக் கோப்புறையை அழித்துவிட்டுக் கேமைப் புதிதாக நிறுவுவது. அதற்கு முன்னால் ஒரு வரி இருக்கும்: அந்தக் கோப்புறையை வேறு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். மொத்தத்தையும் தமிழாக்கியவள் கார்த்யாயினி. பதில் பெட்டியில் அடங்கவில்லை என்று அந்த ஒரு வரியை எடுத்துவிட்டாள். பெட்டியைப் பெரிதாக்கச் சொல்லி ஒரு மெயில் போட்டிருந்தால் முடிந்திருக்கும் விஷயம். சோம்பல்தான், வேறு பெயர் கிடையாது.

லோகநாயகி ஏழு படியும் செய்தாள். கேம் ஜோராகத் திறந்தது. "கேம் தொறக்குது. அவன் இல்ல" என்று எழுதினாள். கேம் திறக்கவில்லை என்பதுதானே புகார், திறந்துவிட்டதே என்று கார்த்யாயினி 'தீர்ந்தது' போட்டு மூடினாள். அதன் பிறகு வந்த ஒன்பது செய்திகளையும் அவள் படித்தாள், ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. பத்தாவதை எழுதியது அன்பரசு, லோகநாயகியின் தம்பி. படையல் அன்றிலிருந்து அக்கா சாப்பாட்டைத் தொடவில்லை, நேற்று காலமாகிவிட்டாள், கணக்கை மூடிவிடுங்கள் என்று கேட்டிருந்தான். அவனுக்கு வழக்கமான அனுதாப வாசகத்தை ஒட்டி அனுப்பிவிட்டு, கார்த்யாயினி டீ போட எழுந்து போனாள்.

இப்போது அந்த டிக்கெட்டில் புதிதாக ஒரு வரி வந்து நின்றது.

"நீங்க சொன்ன மாதிரியே ஒவ்வொண்ணா செய்றேம்மா. மொதல்ல ரீஸ்டார்ட்."

கரண்ட் போனது. மூன்று எண்ணுவதற்குள் வந்தது. லேப்டாப் பேட்டரியில் ஓடுவது, அது அணைய வேண்டியதே இல்லை. ஆனால் அதுவும் அணைந்து, தானாகவே எழுந்து, கடவுச்சொல் கேட்காமல் நேராக அந்த டிக்கெட்டில் வந்து நின்றது. அன்பரசுதான் அக்கா கணக்கில் புகுந்து வம்பு பண்ணுகிறான் என்று அவள் சொல்லிக்கொண்டாள். மேலதிகாரிக்கு எழுதலாம் என்று கை போனது. அதற்குள் அடுத்தது.

"ரெண்டாவது. ஓடுற மத்ததையெல்லாம் மூடிடணும்."

ஃபேன் நின்றது. சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஒரு முனகலோடு அடங்கியது, பக்கத்து வீட்டு டிவி பேச்சின் நடுவில் அறுந்தது, தகரக் கூரையில் அவ்வளவு நேரம் கொட்டிக்கொண்டிருந்த மழைகூட ஜன்னலுக்கு வெளியே கொட்டுவது தெரிந்தும் சத்தமில்லாமல் விழுந்தது. கூடத்து விளக்கும் பூஜை விளக்கும் மட்டும் எரிந்தன. அந்த அமைதியில் மீன் குழம்பு வாசனை வந்தது. புளியும் மிளகாயும் கொதித்து, எண்ணெய் மேலே பிரிந்து நிற்கிற வாசனை. முட்டைகூட நுழையாத வீடு அது.

"ஸ்வர்ணா," என்று கூப்பிட்டாள். உள்ளே பாட்டுக் கேட்டது. கொஞ்சம் மூச்சு வந்தது.

"மூணாவது, பாதுகாப்ப நிறுத்தணும்."

பூஜை அலமாரியில் எரிந்த விளக்கு அணைந்தது. வாசல் கதவின் தாழ் மெதுவாக விலகியது.

சிவராமுக்குப் போன் போட்டாள். போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. மோடத்தின் விளக்குகளும் அணைந்து கிடந்தன. நாலாவது படி, இன்டர்நெட்டைத் துண்டிக்கவும். அவள் எழுதியதுதான். துண்டித்த பிறகும் செய்தி வந்தது.

"அஞ்சாவது, என்னென்ன ஃபைல் இருக்குதுன்னு பாக்கணும். பாத்தேன். உங்க வீட்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. பேப்பர் வெட்டிகிட்டு ஒக்காந்திருக்குது."

கார்த்யாயினிக்கு எழுந்திருக்க வரவில்லை. உட்கார்ந்த நிலையிலேயே விரல்கள் விசைகளைத் தேடின. மன்னிச்சிடுங்க என்று அடித்தாள். என்மேல்தான் தப்பு, அந்த வரியை நான்தான் எடுத்தேன், குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று அடித்தாள். இத்தனை மாதத்தில் எங்கிருந்தும் வெட்டி ஒட்டாமல் அவள் எழுதிய முதல் பதில் அது. அனுப்பினாள்.

பதில் வந்தது.

"ஆறாவது, வெளிய போயி திரும்ப உள்ள வரணும். வந்துட்டேன்."

வாசல் திறந்து கிடந்தது. தரையில் ஈரக் கால் தடம். கூடத்தைத் தாண்டி, அவள் நாற்காலியை ஒட்டி, படுக்கையறைக்குப் போயிருந்தது.

அறைக் கதவு சாத்திக்கொண்டது. பாட்டு நின்றது.

ஓடினாள். இடித்தாள். தோளால் மோதினாள். ஒற்றைக் கதவு, குழந்தை தள்ளினாலே திறக்கும். அசையவில்லை. உள்ளே கத்தரிக்கோல் தரையில் விழுந்தது. பிறகு ஒரு குரல். வயதான, களைத்த, முதுநகர்க் குரல். கதவுக்கு மறுபுறம், அவள் காதுக்கு நேராக.

"படையல் போட்டா கதவ சாத்திட்டு வெளிய நிக்கணும். ஒனக்குத் தெரியுமில்ல. நில்லு."

"அவள விட்டுடுங்க. என்னைய எடுத்துக்குங்க."

"ஒன்ன எடுத்து நான் என்ன பண்றது. ஏழாவது மட்டும் பாக்கி. காப்பி எடுத்து வெச்சியாம்மா? நீதான் எனக்குச் சொல்லல. நான் கேக்கறேன்."

அவள் கதவிலேயே சரிந்து உட்கார்ந்தாள். மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். வாசனை மட்டும் கதவிடுக்கில் வந்தது. உள்ளே இலை விரிக்கும் சத்தம். தண்ணீர் தெளிக்கும் சத்தம். பிறகு எதுவும் இல்லை.

எவ்வளவு நேரமோ. கதவு தானாகத் திறந்தது.

தரையில் தலைவாழை இலை. சோறு, மேலே சிவந்த குழம்பு. அதன் முன்னால் ஸ்வர்ணா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. உடம்பில் ஒரு கீறல் இல்லை. இலையிலிருந்து சோறு பிசைந்து உருண்டு, யார் கையும் இல்லாமல் உயர்ந்தது. குழந்தை வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். அவள் உதட்டிலிருந்து ஒரு முள் மெதுவாக உருவப்பட்டு, இலையின் ஓரத்தில் போய்ப் படுத்தது.

"ஸ்வர்ணா. கண்ணு. அம்மா பாரு."

குழந்தை நிமிர்ந்து பார்த்தாள். பயம் இல்லை. கோபம் இல்லை. வீடு மாறி வந்துவிட்ட யாரையோ பார்க்கிற பார்வை. தனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அவுங்க யாரும்மா?"

அடுத்த உருண்டை உயர்ந்தது. அவள் வாயைத் திறந்தாள்.